செத்த கருவிகளுக்குப் புதுச் சொல் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன விளையாட்டு?

யாரும் இப்போது தொடாத பழைய சாமான்கள் இருக்கின்றன அல்லவா, கேசட், பிளாப்பி, பேஜர், டயல் போன், வாடகைக்கு வந்த டெக் என்ற வீடியோ கேசட் பெட்டி, மொட்டை மாடி ஆண்டெனா, இவற்றுக்கு இன்றைக்கு உட்கார்ந்து புதிதாக ஒரு தமிழ்ச் சொல் கட்டுவது. அந்தச் சாமானோடு வாழ்ந்த ஒருவர் சொல்லைக் கேட்டவுடன், விளக்கம் எதுவும் கேட்காமல், சிரித்துவிட வேண்டும். விதி அவ்வளவுதான். பரிசு கிடையாது. இரண்டு பேர் இருந்தால் போதும், ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைக்காத பயணத்துக்கு மிகவும் ஏற்றது.

உயிரோடு இருந்தபோது வைக்காத பெயரை இப்போது வைத்து என்ன பயன்?

பயன் ஒன்றும் இல்லை, விளையாட்டு என்றுதானே சொன்னேன். ஆனாலும் ஒரு காரணம் உண்டு. கேசட் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதற்குப் பெயர் தேடும் அவசியமே யாருக்கும் வரவில்லை. "கேசட்டைத் திருப்பிப் போடு" என்றால் எல்லோருக்கும் புரிந்தது. பாடப்புத்தகத்தில் ஒலிநாடா என்று இருந்தது, வீட்டில் யாரும் "ஒலிநாடாவைத் திருப்பிப் போடு" என்று சொன்னதில்லை. அப்புறம் கேசட் போய்விட்டது. அதோடு நாம் செய்துகொண்டிருந்த நூறு சின்னச் சின்னக் காரியங்களும் போய்விட்டன. அந்தக் காரியங்களுக்குத் தமிழிலும் பெயர் இல்லை, ஆங்கிலத்திலும் பெயர் இல்லை, பென்சிலை கேசட் ஓட்டைக்குள் விட்டுச் சுற்றுவதை எந்த மொழியில் என்னவென்று சொல்வீர்கள்? நாங்கள் அதற்கு வைத்த பெயர் *நாடாக்கிண்டல்*. ஒருமுறை பெயர் வைத்துவிட்டால், அதுவரை ஞாபகமே இல்லாதவர்கள்கூட, "ஆமா, ரெனால்ட்ஸ் பேனா சரியா உட்காரும்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே கலைச்சொற்கள் இருக்கின்றனவே? நெகிழ்வட்டு, குறுவட்டு, குறுந்தகடு எல்லாம் போதாதா?

அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நெகிழ்வட்டு என்பது மரியாதையான, சரியான சொல். ஆனால் அது ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் நிறுத்தியது, அதனால் ஆங்கிலப் பெயரில் இருந்த கோணலும் கூடவே வந்துவிட்டது. கடைசியாக நம் கைக்கு வந்த மூன்றரை அங்குல பிளாப்பியை எடுத்து வளைத்துப் பாருங்கள், கெட்டியான பிளாஸ்டிக் உறை, வளையவே வளையாது. உள்ளே இருக்கும் தகடுதான் நெகிழும், அதை யார் பார்த்தார்கள்?

அந்த பிளாப்பியில் 1.44 எம்பி கொள்ளும். இன்று போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் படம்கூட அநேகமாக அதில் அடங்காது. ஆனால் பிளாப்பியை வாழ்க்கையில் கண்டிராத பிள்ளைகள்கூட அதன் உருவத்தை அறிவார்கள், ஏனென்றால் கோப்பைச் சேமிக்கும் பொத்தானில் இன்றும் அதன் படம்தான் இருக்கிறது. அதை வைத்துக் கட்டியது *சின்னவட்டு*. சின்ன வட்டு என்றும் படிக்கலாம், சின்னமாகிப்போன வட்டு என்றும் படிக்கலாம். கலைச்சொல் குழுவில் இதைச் சொன்னால் வெளியே போகச் சொல்வார்கள், அது நியாயம்தான், அவர்கள் வேலை வேறு.

நல்ல சொல்லுக்கு என்ன அடையாளம்?

என் கட்சி ஒன்றே ஒன்று: பொருளுக்குப் பெயர் வைக்காதீர்கள், அதை வைத்துக்கொண்டு நாம் செய்ததற்கு வையுங்கள். உள்ளே ஒரு வினை இருக்கும் சொல்தான் நிற்கும்.

தமிழில் தானாக நின்றவற்றைப் பாருங்கள். இந்தியாவில் தந்தி சேவையை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். தந்திக் கருவியை நேரில் பார்த்தவர்களே அபூர்வம். ஆனால் மார்கழிக் காலையில் "பல்லு தந்தியடிக்குது" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தந்தி என்ற பொருள் போனது, அடிப்பது மட்டும் தங்கிவிட்டது. அதேபோல "சாவி கொடுத்து அனுப்பியிருக்காங்க" என்கிறோம், சாவி கொடுக்கும் கடிகாரம் எந்த வீட்டில் இருக்கிறது? சொன்னதையே சொல்கிறவரைக் கீறல் விழுந்த ரெக்கார்டு என்கிறோம், ரெக்கார்டில் ஊசி மாட்டி அதே அடி திரும்பத் திரும்ப வந்ததைக் காதால் கேட்டவர்கள் சொன்னது அது, கேட்காதவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நகைச்சுவை சொல்லி இரண்டு நிமிடம் கழித்துச் சிரிப்பவரை டியூப் லைட் என்று சொல்வதும் இந்த வகைதான்: ஸ்டார்ட்டர் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டி, யோசித்து, அப்புறம் எரியும் அந்த நடத்தைதான் பெயரானது. எல்இடி விளக்கு போட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்தத் திட்டு புரிவதில்லை, அவர்கள் "இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு" என்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒன்று: "சரி, போனை வெச்சிடறேன்." எதையும் எங்கேயும் வைப்பதில்லை, கண்ணாடியில் சிவப்பு வட்டத்தைத் தொடுகிறோம், அவ்வளவுதான். ரிசீவரைத் தாங்கியில் வைத்த காலத்தின் வினை அது, நம் வாயில் இன்றைக்கும் ஓடுகிறது, யாரும் அதைப் பழமை என்றுகூட நினைப்பதில்லை.

அதிகாரபூர்வமாகக் கட்டிய சொற்களில் ஜெயித்ததும் இப்படித்தான் ஜெயித்தது. தட்டச்சு என்பதில் தட்டுவது இருக்கிறது. அதனால்தான் டைப்ரைட்டரைத் தாண்டி, கணினி விசைப்பலகையைத் தாண்டி, போன் கண்ணாடியில் விரலால் தொடுவது வரைக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது.

சரி, எப்படிக் கட்டுவது? இலக்கணம் தெரிய வேண்டுமா?

தெரிந்தால் வேடிக்கை கூடும். நமக்கு வினைத்தொகை என்று ஒரு அற்புதம் இருக்கிறது. ஊறுகாய் என்றால் ஊறின காயா, ஊறுகிற காயா, ஊறப்போகிற காயா என்று சொல் சொல்லாது, காலத்தை உள்ளே ஒளித்துக்கொள்ளும். செத்த பொருளுக்குப் பெயர் வைக்க இதைவிட வசதி வேறென்ன வேண்டும்! கீறல் விழுந்த சிடியைச் சட்டையில் துடைத்துத் துடைத்து மறுபடி போட்டுப் பார்ப்போமே, அதற்கு *தேய்வட்டு*: தேய்த்த வட்டு, தேய்க்கிற வட்டு, அதோடு தேய்ந்துபோன வட்டும்கூட. ஒரே சொல்லுக்குள் வைத்தியம், நோய் இரண்டும் வந்துவிட்டது.

இன்னொரு வழி, ஏற்கெனவே இருக்கும் சொல்லின் ஓசையைத் திருடுவது. விடிய விடிய என்பதோடு வீடியோவை ஒட்டினால் *விடியவீடியோ*. டெக்கும் டிவியும் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி, கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று மூன்று நான்கு படங்களை வரிசையாகப் போட்டு, கடைசிப் படத்தின் உச்சக்கட்டத்தில் பார்க்க உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தூங்கிக்கொண்டிருக்க, கேசட் சொந்தக்காரர் மட்டும் விழித்திருக்கும் அந்த நிகழ்ச்சி. விஎச்எஸ் என்ற வீடியோ கேசட் வகை 1976இல் ஜப்பானில் வந்தது, அந்த வகைக் கருவியைக் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பானிய நிறுவனம் 2016இல் நிறுத்திக்கொண்டது. நாற்பது வருடம் இருந்த பொருள், நம் ஊரில் டெக் என்ற ஒற்றைச் சொல்லோடு வந்து போய்விட்டது.

மூன்றாவது வழி காதை நம்புவது. டயல்-அப் இணைப்பில் மோடம் முதலில் எண்ணை டொக்கடித்து, அப்புறம் கீச்சென்று கத்தி, அப்புறம் கரகரவென்று இரைந்து, திடீரென்று அடங்கும். அதை *ஊளையிணையம்* என்றோம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது, அதைப் பயன்படுத்திய முதல் தலைமுறை மொத்தமும் ஊளையைக் கேட்டுத்தான் உள்ளே போனது. இந்த ஊளையைச் சத்தமாக வாயால் செய்து காட்டும் நபர் ஒருவர் ஒவ்வொரு நண்பர் கூட்டத்திலும் இருப்பார், அவரை ஊக்கப்படுத்த வேண்டாம்.

ஆங்கிலச் சொல்லைக் கலக்கலாமா?

தாராளமாக. விடியவீடியோவில் கலந்துதானே இருக்கிறது. இன்னொன்று சொல்கிறேன். மொட்டை மாடியில் ஒருவர் ஏறி ஆண்டெனாவைத் திருப்ப, மாடிப்படியில் ஒருவர் நிற்க, டிவி முன்னால் ஒருவர் உட்கார, "தெரியுதா?" "இல்ல!" "இப்ப?" "தெரிஞ்சுது, போயிடுச்சு, பழையபடி திருப்பு!" என்று செய்தி மேலும் கீழும் போகும். மேலே வெயிலில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவர் கையை எடுத்தால் படம் போய்விடும் என்பதால் கீழே இறங்கவே முடியாமல், ஒலியும் ஒளியும் பாட்டு நிகழ்ச்சி முடியும்வரை நின்ற அந்தத் தியாகிக்கு *ஆண்டெனாண்டி* என்று பெயர். ஆண்டெனா பிடித்த ஆண்டி. இதில் ஆண்டெனாவை அலைவாங்கி என்று மாற்றினால் என்ன மிஞ்சும்?

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது, ஆனால் தென்கோடியில் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்த பிறகு தமிழகத்தின் தெற்குக் கடற்கரை ஊர்களில் கம்பத்தை உயர்த்தி அந்தப் பக்கம் திருப்பி வைத்துக் கிரிக்கெட் பார்த்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் சாதாரண ஆண்டெனாண்டிகள் அல்ல, *கடல்தாண்டிகள்*. இதுவும் எங்கள் கண்டுபிடிப்பு, சிலருக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடிக்கிறது.

மிஸ்டு காலுக்கு ஏதாவது வைத்தீர்களா?

வைத்தோம், ஆனால் இதில் சண்டை வந்தது. தவறிய அழைப்பு என்று போன்களில் தமிழில் வருகிறதே, அதில் ஒன்றும் தவறவில்லை என்பதுதான் பிரச்சினை. வேண்டுமென்றே ஒரு ரிங் விட்டு வெட்டிவிடுவது அது. ஆரம்பத்தில் செல்போனில் வருகிற அழைப்புக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும், 2003 வாக்கில்தான் அது போனது. போன பிறகும் கூப்பிடுகிறவருக்குச் செலவு உண்டு. எடுக்காத அழைப்புக்கு மட்டும் யாருக்கும் செலவில்லை என்று கண்டுபிடித்த அன்றே ஒரு புது மொழி பிறந்துவிட்டது: ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு என்றால் வாசலுக்கு வா, மூன்று என்றால் நீயே கூப்பிடு, என்னிடம் பாலன்ஸ் இல்லை. வீட்டுக்கு வீடு அகராதி வேறு.

ஒரு கட்சி *கஞ்சழைப்பு* என்றது. எனக்கு அது ஒப்பவில்லை, காசில்லாதவரைக் கஞ்சர் என்பது சரியில்லை. நான் சொன்னது *கிள்ளழைப்பு*. "இறங்கினதும் ஒரு கிள்ளு கிள்ளு, நான் வண்டி எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் எப்படி உட்காருகிறது! தொட்டும் தொடாமல் கூப்பிட்டுவிட்டு விலகுவது கிள்ளல்தான். 2016இல் ஜியோ வந்து பேச்சு இலவசமான பிறகு கிள்ளலுக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடாத அத்தைகள் இருக்கிறார்கள், திருப்பிக் கூப்பிட்டால் "ஒண்ணுமில்லடா, சும்மாதான் கொடுத்தேன்" என்பார்கள்.

தமிழர்களுக்கு மட்டுமே உரிய செத்த தொழில்நுட்பம் ஏதாவது உண்டா?

நமக்கு மட்டுமே என்று சொல்ல முடியாது, மற்ற இந்திய மொழிக்காரர்களும் இந்தப் பாடு பட்டார்கள், ஆனாலும் இந்த விளையாட்டின் தங்கச் சுரங்கம் அதுதான்: எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுத்த யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் கணினியில் தமிழ் எழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு ஒன்றை நிறுவிக்கொள்வோம். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம், கண்ணுக்குத் தமிழ். யாழ்ப்பாணத்து நண்பருக்கு பாமினி, இன்னொருவருக்கு டிஸ்கி, தமிழக அரசு 1999இல் அறிவித்த தாம், தாப், அப்புறம் ஒவ்வொரு பத்திரிகையின் தளத்துக்கும் அவரவர் சொந்த எழுத்துரு. "எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்" என்று மேலே ஒரு சுட்டி இருக்கும். இறக்காமல் உள்ளே போனால் ஒரே குப்பை.

பாமினியில் தமிழ் என்று அடித்து, அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் என்ன தெரியும் தெரியுமா? ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. தமிழ் என்ற சொல்லே அப்படித்தான் தெரியும்! அதனால் எழுத்துரு குளறுபடியான எல்லாவற்றுக்கும் *ஜேக்கேப்போ* என்று பெயர் வைத்தோம். "நீ அனுப்பின கடிதம் முழுக்க ஜேக்கேப்போவா இருக்கு." "கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ளை பேரு மட்டும் ஜேக்கேப்போ ஆயிடுச்சு." அச்சகத்தில் வேலை பார்த்தவரிடம் இதைச் சொன்னால் அவர் சிரிக்க மாட்டார், பெருமூச்சு விடுவார், அவருக்கு இது இன்னும் சாகவில்லை.

யூனிகோடு வந்தபிறகும் நிம்மதி உடனே வந்துவிடவில்லை. பழைய போன்களில் தமிழ் எழுத்துரு இருக்காது, வரிசையாகக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், அதை வைத்துக்கொண்டு ஒரு வாழ்த்துச் செய்தியா துக்கச் செய்தியா என்றுகூட அறிய முடியாது. அதற்கு *கட்டெழுத்து*. நம் பழைய கல்வெட்டுகளில் வட்டெழுத்து இருக்கிறது, நடுகாலத்துப் போன்களில் கட்டெழுத்து இருக்கிறது, இரண்டையும் படிக்கத் தனியாகப் பயிற்சி வேண்டும். நான் கேட்ட சொற்களிலேயே மிக நல்ல சொல் இதுதான் என்பேன். வேறு எந்த மொழிக்காரரிடமும் இதை விளக்கவே முடியாது.

பட்டன் போன் என்கிறோமே, அதுவும் இந்த வகையா?

கிட்டத்தட்ட. ஆனால் அது விளையாட்டில் பிறந்ததில்லை, தேவையில் பிறந்தது. முதலில் எல்லாம் செல்போன்தான். கண்ணாடித் தொடுதிரை வந்து அந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்டதும், பழையதற்கு ஒரு அடைமொழி தேவைப்பட்டது, மக்களே பட்டன் போன் என்று வைத்துவிட்டார்கள். பிராய்லர் வந்த பிறகுதானே கோழி நாட்டுக்கோழி ஆயிற்று. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வரும்வரை இந்தியாவில் இருந்தவை வெறும் டிவிகள்தான், அதற்கப்புறம்தான் கறுப்பு வெள்ளை டிவி என்ற பிறவியே உண்டானது. ஆங்கிலத்தில் இந்த வகைப் பெயர்களுக்கு ரெட்ரோனிம் என்று ஒரு சொல் இருக்கிறது, பிராங்க் மான்கிவிச் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் உண்டாக்கி, 1980இல் வில்லியம் சஃபையர் என்ற பத்தி எழுத்தாளர் பரப்பியது.

பட்டன் போனில் நம் சொல் வேறு. எஸ் என்ற எழுத்து வேண்டுமென்றால் ஏழாம் பொத்தானை நாலு தடவை அடிக்க வேண்டும், இசட் வேண்டுமென்றால் ஒன்பதை நாலு தடவை. பெஞ்சுக்கு அடியில் போனை வைத்து, திரையைப் பார்க்காமலே, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், ஒரு முழுக் காதல் கடிதத்தையே இப்படி அடித்தவர்களுக்கு *நாலடியார்* என்று பட்டம் கொடுத்தோம். பதினெண்கீழ்க்கணக்கு அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பொருள் செத்துவிட்டது என்று யார் முடிவு செய்வது?

நல்ல கேள்வி, இதில்தான் பெரும்பாலும் வாக்குவாதம். கடை மூடின தேதியை வைத்து முடிவு செய்ய முடியாது. சோனி 2011இல் பிளாப்பி செய்வதை நிறுத்தியது. ஆனால் ஜப்பான் அரசு தன் விதிகளிலிருந்து பிளாப்பியை முழுசாக நீக்கியது 2024இல்தான், அதுவரை சில விண்ணப்பங்களை அதில்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. கேசட்டை பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்தியது, இன்றும் சில வெளிநாட்டு இசைக்குழுக்கள் புதுப்பாட்டைக் கேசட்டில் வெளியிடுகின்றன. ரெக்கார்டு திரும்பி வந்தே விட்டது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைச் செத்த பட்டியலில் சேர்த்தால் எங்கள் தெருவிலேயே அடி விழும்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் அந்தப் பொருள் கிடைத்து, அதை ஓட்டிக் காட்ட இன்றைக்கே முடியாது என்றால், அது ஆட்டத்துக்கு வரலாம். பரணில் நூறு கேசட் இருக்கிறது, டேப் ரெக்கார்டர் பெல்ட் இளகிப் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடக்கிறது, அப்படியானால் சேர்த்துக்கொள்ளலாம்.

கேசட் பற்றி இன்னும் சொற்கள் உண்டா?

உண்டு, அதிகம் கட்டப்பட்டது அதில்தான். நாடா வெளியே வந்து உருளைகளில் சிக்கிக்கொள்வதற்குக் *குடல்தள்ளல்*. "பாட்டு பாதில குடல் தள்ளிடுச்சு." அறுபது நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 86 மீட்டர் நாடா இருக்கும், எனவே தள்ளினால் சாமானியமாகத் தள்ளாது. அறுந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டிய பிறகு, ஒட்டின இடம் வரும்போது பாட்டில் ஒரு எழுத்து விழுங்கப்படும். அப்படி விழுங்கப்பட்ட வரியையே சரியான வரி என்று நம்பி வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அசல் பாட்டைக் கேட்டால் அவர்களுக்குத்தான் ஏதோ இடறுகிறது. அப்படிக் கேட்டுப் பழகிய காதுக்கு *ஒட்டுச்செவி*.

பாட்டுக் கடையில் வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துப் பதிவுசெய்து வாங்குவோமே, கடைசியில் இடம் மிச்சமிருக்கிறது என்று கடைக்காரர் தன் விருப்பத்துக்கு ஒரு பாட்டைச் சேர்த்துவிடுவார். *கொசுறுப்பாட்டு*. பல சமயம் அந்தக் கேசட்டில் அதுதான் நல்ல பாட்டாக இருக்கும்.

ஈழத்தில் வேறு சொற்கள் இருக்குமே?

இருக்கின்றன. சிடியை அங்கே இறுவட்டு என்றார்கள், சும்மா புத்தகத்தில் இல்லை, வெளியீட்டு விழா அழைப்பிதழ்களில் "இறுவட்டு வெளியீடு" என்று சாதாரணமாக வரும். மிஸ்டு கால் மிஸ் கோல் ஆகும். ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கட்டிய சொல்லைத்தான் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் அங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் (பேட்டரி) தடை. சைக்கிளைத் தலைகீழாகவோ ஸ்டாண்டில் ஏற்றியோ நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலிப் பெட்டியில் செய்தியும் பாட்டும் கேட்டார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். அவர் கட்டியது *மிதிவானொலி*. அதில் வேடிக்கை உண்டு, வேடிக்கை மட்டும் இல்லை. கேட்டவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் யார் யார் மிதித்தார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பிள்ளைகளோடு ஆடலாமா?

கட்டாயம் ஆடுங்கள், ஆனால் விளக்காதீர்கள். பொருளைக் கையில் கொடுத்து, இதற்கு நீ என்ன பெயர் வைப்பாய் என்று மட்டும் கேளுங்கள். கேசட்டைப் பார்த்த ஒரு சிறுமி *ரெட்டைக்கண்ணி* என்றாள், நமக்கெல்லாம் அது பாட்டாகத் தெரிந்தது, அவளுக்கு முகமாகத் தெரிந்திருக்கிறது. பெரியவர்கள் வினையிலிருந்து கட்ட வேண்டும் என்று நான் இவ்வளவு நேரம் அடித்துச் சொன்னது பிள்ளைகளுக்குப் பொருந்தாது, அவர்கள் அதை வைத்து எதையும் செய்ததே இல்லையே.

இது தமிழைக் கேலி செய்வதாகாதா?

ஆகாது. ஊளையிணையத்தைத் தேர்வில் எழுதச் சொல்லவில்லை. நல்ல கலைச்சொல் வேண்டிய இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள், நானும் அப்படித்தான்.

விக்சனரியில் சேர்க்கலாமா?

வேண்டாம். பத்துப் பேர் புழங்காத சொல்லை அங்கே சேர்ப்பது அங்கே உழைக்கிறவர்களுக்குத் தொல்லை.

நேற்று வந்த பொருள்கள் கணக்கில் வருமா?

வரும், அவைதான் வேகமாகச் சாகின்றன. அதில் ஒரு விசித்திரம், இந்த முறை பெயர் முதலிலேயே வந்துவிட்டது. ட்வீட்டுக்குத் தமிழில் கீச்சு என்று எவ்வளவு அழகாக வைத்தோம், கீச்சர், மறுகீச்சு என்று குடும்பமே வளர்ந்தது. 2023இல் சொந்தக்காரர் ட்விட்டரை எக்ஸ் என்று மாற்றிவிட்டார், குருவியும் பறந்துவிட்டது. இப்போது கீச்சுக்கு வீடு இல்லை. அதை வேறு எதற்காவது கொடுக்கலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. உதாரணத்துக்கு, வாட்ஸாப்பில் ஒரு நிமிடம் பேச வேண்டியதை மூன்று மூன்று விநாடிக் குரல்செய்திகளாக இருபது அனுப்புகிறவர்களுக்கு.

ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளம் 2014இல் மூடியது, அதில் ஒருவர் பக்கத்தை நாம் போய்ப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்துக்கு *எட்டிநடுக்கம்* என்று ஒன்று உண்டு. எட்டிப் பார்த்த நடுக்கம். சுமார்தான்.

இன்னும் சொல் கிடைக்காதவை?

நிறைய. சூடு பட்டால் எழுத்து வரும் தாளில் வந்த ஃபேக்ஸ், பீரோவுக்குள் வைத்த சில வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடுமே, அதற்கு *மங்கோலை* கிடைத்துவிட்டது. எஸ்டிடி பூத்தில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, மூச்சு விடாமல் நலம் விசாரிப்பவருக்கு *மீட்டர்வாயர்* கிடைத்துவிட்டது.

கிடைக்காதது இது. டயல் போனில் யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது என்று வட்டத்தில் ஒரு குட்டிப் பூட்டு போட்டு வைப்பார்கள். வீட்டில் ஒரு கில்லாடி இருப்பான், டயலைத் தொடவே மாட்டான். ரிசீவரை எடுத்து, அது உட்காரும் கொக்கியைத் தாளம் தப்பாமல் தட்டுவான்: மூன்றுக்கு மூன்று தட்டு, ஒன்பதுக்கு ஒன்பது, சைபருக்குப் பத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் சின்ன இடைவெளி. டயல் சுழன்று அனுப்பும் துடிப்பும் அதுதான் என்பதால் எக்ஸ்சேஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது, போன் போய்விடும், மாதக் கடைசியில் பில் வரும்போது பூட்டு பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கொக்கித்தாளம், பூட்டுத்தட்டு, திருட்டுமிருதங்கம் மூன்றும் வந்தன, மூன்றும் எனக்குப் போதவில்லை. கொஞ்சம் முயன்று பாருங்கள்.